வெயிலூரில் வெளிச்சப் பஞ்சம்

வேலூரை வெயிலூர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் கோட்டை மதிலுக்கு வெளியே நின்று அரை நாழிகை பேசிப் பார்த்தவர்கள், இப்பெயரில் வேடிக்கை குறைவு, உண்மையே அதிகம் என்பதை ஒப்புக் கொள்வார்கள். சூரியன் இவ்வளவு தாராளமாக ஒளியை வாரி இறைக்கும் ஒரு பிரதேசத்தில், போதிய வெளிச்சம் கிடையாமையால் பாலர்களின் கண் கெடுகிறது என்று நாம் எழுதினால் வாசகர்கள் நகைக்கவுங் கூடும். ஆயினும் விஷயம் அதுவே. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரையில் பாலாற்றங்கரையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் தோல் தொழில் ஊர்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். உபாத்தியாயர் கரும்பலகையில் கணக்கு எழுதுகிறார். பையன் கண்களைச் சுருக்குகிறான், கழுத்தை நீட்டுகிறான், பிறகு பக்கத்துப் பையனுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறான். "காப்பியடிக்கிறாயா?" என்று அவன் காது திருகப்படுகிறது. பரீட்சையில் மார்க்குக் குறைகிறது. "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று உபாத்தியாயர் சொல்ல, தகப்பனார் அதை நம்புகிறார். பத்தாம் வகுப்பில் தவறியதும் ஷூ கம்பெனியில் ஓர் இடம் தேடிக் கொடுக்கப்படுகிறது. அத்துடன் அவனுடைய கல்விக் கதை முடிந்தது. அவனுக்குக் குறைவாக இருந்தது புத்தியன்று, பார்வைதான் என்பதை ஒருவரும் அறியவில்லை. அவனும் அறியான். பிறந்தது முதல் பிறர் கண்ணால் உலகைப் பார்த்தறியாத குழந்தை, உலகமே மங்கலாகத்தான் இருக்கும் என்று எண்ணிக் கொள்வதில் வியப்பென்ன?

இக்குறைக்குக் கிட்டப்பார்வை என்று பெயர். அருகிலுள்ளது தெளிவாகத் தெரியும், தூரத்திலுள்ளது தெரியாது. நம் கண் உருண்டை பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்த மனிதனுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். வளரும் பருவத்தில் கண் தன் அளவுக்கு மேல் நீண்டு விட்டால், வெளியிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையின் மீது குவியாமல் அதற்கு முன்னதாகவே குவிந்து விடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகமானால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் அளவுக்குக் குறை உண்டாகும். மைனஸ் 2 டயாப்டர் குறையுள்ள பிள்ளைக்கு அரை மீட்டருக்கு அப்பால் உள்ள யாவும் மங்கலே. கரும்பலகையோ அதற்கு எத்தனையோ தூரத்தில் நிற்கிறது! நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த குழிக் கண்ணாடி, கதிர்களைச் சற்று விரித்து விழித்திரையிற் சேர்க்கிறது. இந்தத் தத்துவத்தைக் கெப்ளர் என்னும் ஜெர்மானிய வான சாஸ்திரி 1604-ம் ஆண்டிலேயே விளக்கி விட்டார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நிவாரணம் நம் பிள்ளைகளுக்கு இன்னும் எட்டவில்லையென்றால் குற்றம் சாஸ்திரத்தினுடையதன்று.

பள்ளிக்கூடத்திற்கும் கிட்டப்பார்வைக்கும் உள்ள சம்பந்தமும் புதிதாகக் கண்டதல்ல. ஹெர்மன் கோன் என்ற கண் வைத்தியர் பிரெஸ்லா நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து 1867-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இருந்த இக்குறை, உயர்தரப் பள்ளிகளில் நூற்றுக்கு 26 பேருக்கு இருப்பதை அவர் கண்டார். அன்று ஜெர்மனியில் கண்டது இன்று ஆசியாவெங்கும் பெரிதாகி நிற்கிறது. தென் கொரியாவின் தலைநகரான சியோலில் 19 வயது வாலிபர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 96 பேருக்கு மேல் கிட்டப்பார்வையுடையவர்களாக இருந்தனரென்று 2012-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. உலக ஜனத்தொகையில் 2000-ம் ஆண்டில் நூற்றுக்கு 23 பேராக இருந்த தொகை, 2050-ல் ஏறக்குறைய பாதியாகி விடும் என்று 2016-ல் ஆஸ்திரேலிய நிபுணர் பிரையன் ஹோல்டனும் அவர் சகாக்களும் கணித்திருக்கிறார்கள்.

நம் தேசம் இன்னும் அந்த நிலையை அடையவில்லை. ஆனால் அந்தப் பாதையில் கால் வைத்து விட்டது. டெல்லியில் 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கே கிட்டப்பார்வை காணப்பட்டது. அதே நகரத்துப் பள்ளிகளில் சுமார் பதினாயிரம் பிள்ளைகளைச் சோதித்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அத்தொகை நூற்றுக்கு 13 ஆக இருந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைகளிடம் இக்குறை அதிகமாயிருந்ததையும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் புத்தகமும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தொலைக்காட்சியுமாக இருப்பவர்களுக்கு அபாயம் மிகுதியென்பதையும், தினந்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் திரியும் பிள்ளைகளுக்கு அபாயம் குறைவென்பதையும் அந்த ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

இக்கடைசி விஷயமே நம் கவனத்துக்கு உரியது. தாய் தந்தையருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கும் வருதல் கூடும் என்பது உண்மையே. ஆனால் பரம்பரையை மட்டும் பழிப்பதற்கில்லை. சீன வம்சத்தைச் சேர்ந்த ஆறேழு வயதுக் குழந்தைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னி நகரிலும் சோதித்து ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் குறையிருந்தது. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. வம்சம் ஒன்றே. வித்தியாசம் யாதெனில், சிட்னிக் குழந்தைகள் வாரத்தில் 13 மணி நேரத்திற்கு மேல் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரமே இருந்தார்கள். பகல் வெளிச்சம் கண்ணிற் படும்போது விழித்திரையில் டோபமின் என்னும் ரசாயனப் பொருள் சுரந்து, கண் அளவுக்கு மிஞ்சி நீளாதபடி தடுக்கிறது என்பதே நிபுணர்கள் பெரும்பாலும் கூறும் விளக்கம். நமக்குப் போதுமான வெளிச்சமென்று தோன்றும் வகுப்பறையில் இருப்பது சில நூறு லக்ஸ். மர நிழலிலோ பல ஆயிரம் லக்ஸ். அறையின் விளக்கு அந்த நிழலுக்குக் கூட ஈடாகாது.

இனி நம் பிரதேசத்திற்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர் கடல் கடந்தும் பரவியிருப்பது தோலினாலும் ஷூவினாலும். பல்லாயிரக் கணக்கான குடும்பங்கள் இத்தொழிலால் ஜீவிக்கின்றன. அதில் பெண்களின் உழைப்பு மிகப் பெரிது. ஆனால் அதே தொழில் இப்பிரதேசத்தின் மண்ணையும் நீரையும் என்ன செய்தது என்பதும் உலகறிந்த விஷயம். தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று சுப்ரீம் கோர்ட் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி வேலூர்க் குடிமக்கள் நலச் சங்க வழக்கில் அளித்த தீர்ப்பிலேயே காண்கிறது. அசுத்தம் செய்தவனே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயம் நம் தேசச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பினாற்றான். 2025 ஜனவரியிலும் பாலாற்றின் நிலையைக் குறித்து அக்கோர்ட் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

தோல் கழிவினால்தான் கிட்டப்பார்வை வருகிறது என்று சிலர் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரமில்லை. ஆதாரமில்லாததைக் கூறி ஜனங்களைக் கலங்கச் செய்வது நம் வேலையன்று. ஆனால் மறைமுகமான ஒரு சம்பந்தத்தை நாம் சிந்திக்க வேண்டும். வயலும் ஆற்றங்கரையும் குளத்து மேடும் ஒரு காலத்தில் நம் பிள்ளைகளின் விளையாட்டு மைதானங்கள். வயல் பாழாயிற்று, கால்வாய் நாறுகிறது, ஆற்று மணல் பல இடங்களில் அள்ளப்பட்டுக் குழியாயிற்று. ஊருக்குள்ளே சந்துகள் குறுகின. காலி மனைகள் கட்டடமாயின. தாய் தன் குழந்தையை எங்கே போய் விளையாடு என்று அனுப்புவாள்? "உள்ளேயே இரு" என்கிறாள். உள்ளே இருப்பதோ செல்போன். கழிவு நீர் கண்ணுக்குள் புகவில்லை. ஆனால் கண்ணுக்கு வேண்டிய வெளியைப் பிடுங்கிக் கொண்டது.

வீடு இவ்வாறிருக்க, பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? தேகப் பயிற்சி வகுப்பு என்று அட்டவணையில் ஓர் இடம் உண்டு. அந்த நேரத்தில் கணக்கு உபாத்தியாயர் வந்து நிற்பார். பரீட்சை நெருங்கினால் அந்த இடமும் மறையும். சாயங்காலம் டியூஷன், இரவு வீட்டுப் பாடம், ஞாயிற்றுக்கிழமை நுழைவுத் தேர்வுப் பயிற்சி. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டன. நம் மாகாணத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் முதல் தேதிதான் மீண்டும் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் உள்ளங்கையளவு திரையாயிற்று. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஒரு நகரத்தில் ஆறு வயதுக் குழந்தைகளிடையே அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 6 பேருக்கு மேற்படாமலிருந்த கிட்டப்பார்வை, 2020-ல் ஊரடங்கு தளர்ந்ததும் சோதித்தபோது 21-ஐத் தாண்டி விட்டது. பள்ளிகள் திறந்தன, திரையோ கையை விட்டு இறங்கவில்லை.

இதற்கு உபாயம் என்ன? பிறர் செய்து பார்த்திருக்கிறார்கள். சீனாவில் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் தினந்தோறும் 40 நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியிலே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பள்ளிகளில் 39 பேருக்கு மேல். தைவான் தீவில் 2010-ல் தொடங்கிய திட்டத்தின்படி பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிஷம் வெளியில் இருக்க வேண்டும். அங்கே ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு, 2012-ல் நூற்றுக்கு 49-ஐத் தாண்டியிருந்தது, 2015-ல் 46 ஆக இறங்கிற்று. வீழ்ச்சி சிறிதெனலாம். ஏறிக்கொண்டேயிருந்தது திரும்பி இறங்கியதே பெரிதென்பது நம் அபிப்பிராயம்.

"நம் வெயிலில் பிள்ளைகளை நிறுத்துவதா?" என்று கேட்பாருளர். நியாயமான கேள்வி. நடுப்பகலில் நிறுத்தச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வெளிச்சத்திற்குக் குறைவில்லை. வேம்பும் புங்கும் நிழல் தரும் இடத்தில் ஒரு பாடத்தை நடத்தினால் யார் தடுப்பார்? மரத்தடிப் பள்ளிக்கூடம் நம் முன்னோருக்குப் புதிதன்று. சூரியனை நேரே நோக்கலாகாது என்று மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்; அதனால் விழித்திரை கருகும். மற்றொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். வெளியிற் திரிவது குறை வராமல் தடுப்பதற்கே பெரிதும் உதவும். வந்த குறைக்குக் கண்ணாடியே வழி.

கண்ணாடியைப் பற்றி நம்மவர்களிடையே உள்ள மூடநம்பிக்கைகளுக்கு அளவில்லை. சிறு வயதிற் போட்டால் கண் மேலும் கெடும் என்கிறார்கள், அது பொய். பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் தின்றால் கண்ணாடியைக் கழற்றி விடலாம் என்கிறார்கள். அக்கீரைகள் மாலைக்கண் வராமற் காக்கும், ஆகவே உண்ணத் தக்கவை. ஆனால் நீண்டு விட்ட கண்ணைக் குறுக்கும் கீரை உலகத்தில் இல்லை. குறை ஏறுவதைத் தணிக்க அட்ரோபின் என்னும் மருந்தை மிகவும் நீர்த்த அளவில் கண் வைத்தியர்கள் இப்போது சில பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். இது ஊமத்தை போன்ற செடிகளிலுள்ள விஷச் சத்து. வைத்தியர் மேற்பார்வையின்றி இதனை நாடுவதோ, ஊமத்தஞ்சாறு என்று கை வைத்தியம் செய்வதோ பெருங் கேடாய் முடியும்.

எல்லாவற்றிலும் கொடியது, பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் வரன் கிடைக்காது என்ற பேச்சு. இதனால் எத்தனை பெண்கள் கரும்பலகையைக் காணாமலே வகுப்புகளைக் கடந்து விடுகிறார்கள்! பூனா ஜில்லாவின் கிராமப் பள்ளிகளில் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளைப் பின்னர் போய்ப் பார்த்தபோது பத்தில் மூவரே அதை அணிந்திருந்தனர். உடைந்தது, தொலைந்தது, சகபாடிகள் கேலி செய்தார்கள், பெற்றோர் வேண்டாமென்றார்கள் என்பன காரணங்கள். கொடுத்த கண்ணாடி பெட்டியிற் கிடந்தால் என்ன பயன்? மேற்குச் சீனாவின் கிராமப் பள்ளிகளில் இலவசமாகக் கண்ணாடி பெற்ற பிள்ளைகள், பெறாத பிள்ளைகளைவிடக் கணக்கில் அதிக மார்க்கு வாங்கினார்கள் என்று 2014-ல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது. ஓர் உபாத்தியாயர் செய்ய முடியாததை ஒரு கண்ணாடி செய்கிறது. அன்றியும், குறை மைனஸ் 6-க்கு மேல் ஏறினால் நடுவயதில் விழித்திரை பிரிதல், கண் நீர் அழுத்த நோய் முதலியவற்றின் அபாயம் கூடும். ஆகையால் இது அழகைப் பற்றிய பேச்சன்று; கண்ணைப் பற்றிய பேச்சு.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று கூற மாட்டோம். தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்குவதற்கே ஏற்பட்டது. 2013 முதல் மத்திய சர்க்காரின் பாலர் ஆரோக்கியத் திட்டமும் சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இச்சோதனையை மேற்கொள்கிறது. ஆனால் வளரும் கண் ஆண்டுதோறும் மாறுவது. ஒரு முறை சோதித்துப் பெயரெழுதிக் கொண்டு போனால் போதாது. மறு ஆண்டு கண்ணாடியை மாற்ற வேண்டும். உடைந்ததற்கு வேறு கொடுக்க வேண்டும். அணிகிறார்களா என்று பார்க்க வேண்டும். கட்டணப் பள்ளிப் பிள்ளைகளை யார் சோதிப்பது என்பதற்கும் விடை வேண்டும். குறை அதிகமென்று டெல்லியிற் கண்டது அவ்விடத்திற்றானே?

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது தாய்மாரையும் மறக்கலாகாது. ஆம்பூர்ப் பக்கத்தில் பல பெண்கள் ஷூவின் மேற்பாகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து கையால் தைக்கிறார்கள். ஜோடிக் கணக்கிற் கூலி. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தால் ஊசித் துளை தெரியாது, தைக்கும் ஜோடி குறையும், கூலியும் குறையும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி கொடுத்ததில், அவர்கள் பறித்த இலையின் அளவு நூற்றுக்கு 20-க்கு மேல் உயர்ந்ததென்று 2018-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கண் தெளிந்தால் கூலி உயரும். கூலி உயர்ந்தால் மகனைப் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டிய அவசியம் குறையும். தாயின் கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஒரே குடும்பக் கணக்கில் இரண்டு வரிகள்.

இப்பிரதேசத்திற்கு இவ்விஷயத்தில் வழி காட்ட வெளியூரார் வேண்டியதில்லை. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் வேலூரில் சிறிய அளவில் வைத்தியத்தைத் தொடங்கி, 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரியை நிறுவினார். அந்த ஷெல் ஆஸ்பத்திரியே பிற்காலத்தில் கண் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற இடமாயிற்று. தோல் வர்த்தகர்களும் தாங்கள் சம்பாதித்ததைப் பெட்டியிலேயே பூட்டி வைத்தவர்களல்லர். 1919-ல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கலாசாலையும், 1965-ல் தோன்றிய மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கலாசாலையும் இப்பிரதேசத்துத் தர்ம சிந்தைக்குச் சாட்சிகள். கலாசாலை கட்டிய ஊர்களுக்கு ஒரு மைதானம் அமைப்பது அரிதா? தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கண்ணாடி மாற்றிக் கொடுப்பதென்று ஷூ கம்பெனி முதலாளிகள் தீர்மானித்தால், ஏற்றுமதிக் கணக்கில் அது ஒரு துளி. அதனைப் பிச்சையென்று கேட்கவில்லை. பிள்ளைகளின் வெளியை எடுத்துக் கொண்டவர்கள் திருப்பித் தர வேண்டிய கடனில் ஒரு பகுதியென்றே கேட்கிறோம்.

முடிவாக, ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்களுக்குச் சில வார்த்தைகள். கொடி கட்டவும் கூட்டம் கூட்டவும் நீங்கள் அறிவீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். ஸ்நெல்லன் என்பவர் 1862-ல் வகுத்த எழுத்துப் பலகையின் விலை அற்பம். ஆறு மீட்டர், அதாவது சுமார் இருபது அடி தூரத்தைக் கயிற்றால் அளந்து நில்லுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் பிள்ளையின் பெயரைக் குறித்துக் கண் வைத்தியரிடம் அனுப்புங்கள். அனுப்பியதோடு நில்லாமல் கண்ணாடி வந்ததா, அணிகிறானா என்று அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். பள்ளி நிர்வாகத்தைக் கண்டு தேகப் பயிற்சி வகுப்பைக் கணக்கு வகுப்பாக மாற்றலாகாதென்று வற்புறுத்துங்கள். முனிசிபாலிடியில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு திறந்தவெளி கேளுங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள்.

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம்மவர் வழக்கம். அந்தக் கல்வியைத் தேடப் போகிற பிள்ளை, இருக்கிற கண்ணை இழந்து திரும்புவது நமக்கெல்லாம் வெட்கமாகும். ஐந்தாவது பெஞ்சுப் பையன் இன்னும் கண்ணைச் சுருக்கிக் கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். அவனை அடித்துத் திருத்துவதை விட்டு, முதலில் அவன் கண்ணைச் சோதியுங்கள்.